25.3.0: டெம்ப்ளேட்ஸ் கோப்புறை காணாமல் போனபோது

ஒரு மென்பொருளின் பதிப்பெண்ணில் நடு இலக்கம் மட்டும் கூடினால் பழைய நிரல்கள் இடையூறின்றி ஓடும் என்பது பரவலான நம்பிக்கை. அந்த நம்பிக்கை கட்டளைகளோடு நின்றுவிடுமா, அவை இருக்கும் கோப்புறைகளுக்கும் நீளுமா என்பது பெரும்பாலும் எழுதப்படாமலே விடப்படுகிறது. 2017 மார்ச்சில், ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்க உதவும் எஸ்டிகே டூல்ஸ் 25.2.5இலிருந்து 25.3.0க்கு மாறியபோது, டெம்ப்ளேட்ஸ் கோப்புறை நீக்கப்பட்டது, செயலியைக் கணினியிலேயே சோதிக்க உதவும் எமுலேட்டர் வேறிடம் போனது. வலைப்பக்க நிரலைச் செயலியாக்கும் கோர்டோவாவோ, கிரேடில் ராப்பரை, அதாவது தொகுப்புக் கருவியான கிரேடிலின் உரிய பதிப்பை இறக்கித் தரும் சிறு நிரலை, அந்தக் கோப்புறையிலிருந்தே நகலெடுத்துவந்ததால், பல கணினிகளில் தொகுப்புப் பணி நின்றது. கோர்டோவா காட்டிய பிழைச்செய்தி, எஸ்டிகேயைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம் என்றது. புதுப்பித்ததே கோளாறுக்குக் காரணம் என்பதுதான் வேடிக்கை.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 2010 டிசம்பரில் ஏடிபி என்ற கருவி டூல்ஸ் கோப்புறையிலிருந்து பிளாட்ஃபார்ம்-டூல்ஸ் கோப்புறைக்குப் போனபோது, பழைய இடத்தில் ஓர் அறிவிப்புக் கோப்பு விட்டுவைக்கப்பட்டது. இடம் மாறிய கடையின் ஷட்டரில் தொங்கும் அட்டையைப் போல அது மனிதருக்கு உதவியதே தவிர, கோப்புப் பாதையை எழுத்துக்கு எழுத்து நம்பியிருந்த செருகுநிரல்களுக்கு, அதாவது பிளகின்களுக்கு, உதவவில்லை.

ஆகவே பிழைச்செய்தி தரும் அறிவுரையைவிட, அதில் அச்சாகும் பாதையே மதிப்புள்ளது. அந்தக் கோப்புறை வட்டில் உள்ளதா என்று முதலில் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். செருகுநிரல் எழுதுவோர் உட்கோப்புறைகளின் பெயர்களை நிரலில் பதித்துவிடாமல், புதிய இடம், பழைய இடம் இரண்டிலும் தேடி, கிடைக்காதபோது தேடிய இடங்களையெல்லாம் பயனருக்குக் காட்டுவது நல்லது. இரண்டு மூன்று கணினிகளோடு இயங்கும் புறநகர்ச் சிறு நிறுவனங்களில் எல்லாவற்றையும் ஒரே நாளில் புதுப்பித்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது என்பதால், கையிலுள்ள வேலை வாடிக்கையாளரிடம் போய்ச்சேரும்வரை ஒரு கணினியையாவது தொடாமல் விடுவது விவேகம்.

2017இல் பலர் 25.2.5இன் டூல்ஸ் கோப்புறையைப் பழைய இடத்தில் வைத்துத் தப்பித்தனர். அடுத்த புதுப்பிப்பு அறிவிப்பில் யாரேனும் சம்மதம் அழுத்தினால் அந்த ஏற்பாடும் போய்விடும் நிலையே இருந்தது.