பழைய பூட்லோடருக்குத் திரும்பும் முன்

அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தே தலை நரைத்தவன் நான். கடைக்கு வேலை பழக வரும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. எதற்காகத் திரும்ப வேண்டும் என்று முதலில் கேளுங்கள். 2011 செப்டம்பரில் அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸ் 7 கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தால் கிரப் என்ற பூட்லோடரின் மெனு வரும். ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் "இந்த மெனு வேணாண்ணே, நேரா விண்டோஸ் வரணும்" என்பார்கள். மெனுவில் விண்டோஸை முதலில் வைத்து, காத்திருக்கும் நொடியைக் குறைத்துக் கொடுங்கள். பல பேருக்கு அதுவே போதும்.

2. பாஸ் பார்ட்டிஷனை முதலில் அழிக்காதீர்கள். இது நான் செய்த தவறு. இடம் போதவில்லை என்று வந்த ஒரு பிள்ளையின் லேப்டாப்பில், விண்டோஸுக்குள் இருந்தே அதை நீக்கி ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றுவிட்டது. மறுநாள் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை அழுதது இன்னும் கண்ணில் இருக்கிறது. டிஸ்கின் தொடக்கத்தில் இருப்பது கிரப்பின் சிறு துண்டுதான். மெனுவும் மற்ற ஃபைல்களும் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டால் கிரப் எங்கே போகும்? ப்ராஜெக்ட் பத்திரமாகத்தான் இருந்தது. அதை நம்பவைக்க அரை மணி நேரம் ஆனது.

3. டிஸ்கின் முதல் செக்டரின் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். மொத்தம் 512 பைட். 446 பூட் கோட், 64 பார்ட்டிஷன் டேபிள், 2 அடையாளக் குறி. கை வைக்கும் முன் 512-ஐயும் பென்டிரைவில் காப்பி எடுங்கள். திரும்ப எழுதும்போது முதல் 446 மட்டும். பழைய காப்பியை முழுதாக எழுதினால் பழைய பார்ட்டிஷன் கணக்கும் சேர்ந்து வந்துவிடும். இடையில் பிரித்த டிரைவ் காணாமல் போகும். ஒரு வீட்டுக் கல்யாண ஃபோட்டோ எல்லாம் அந்த 64 பைட்டை நம்பித்தான் இருக்கிறது.

4. கிரப்பை விட்டு விண்டோஸ் பூட்லோடருக்கே திரும்ப வேண்டுமென்றால், விண்டோஸ் 7 டிவிடியில் பூட் செய்து, ரிப்பேரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பூட்ரெக்கை ஃபிக்ஸ்எம்பிஆர் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அது பார்ட்டிஷன் டேபிளைத் தொடாது. ஆனால் விண்டோஸ் கோட், 'ஆக்டிவ்' என்று குறித்த பார்ட்டிஷனைத்தான் தேடும். கிரப்புக்கு அந்தக் குறி தேவையில்லை. அதனால் குறி இடம் மாறியிருந்தாலும் இதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. டிஸ்க்பார்ட்டில் பார்த்துச் சரிசெய்யுங்கள். விண்டோஸ் இரண்டு மூன்று முறை நேராக வந்த பிறகு, பாஸில் இருக்கும் ஃபைல்களை உரியவரிடம் காட்டி, அவர் சரி என்று சொன்னால் மட்டும் அழியுங்கள்.

5. கிரப் 2-லிருந்து பழைய கிரப்புக்குப் போகிறவர்கள் எண்ணைக் கவனியுங்கள். பழையது பார்ட்டிஷனை 0-விலிருந்து எண்ணும், புதியது 1-லிருந்து. டிஸ்கை இரண்டுமே 0-விலிருந்துதான் எண்ணும்.

6. யூஈஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் மெஷினில் மேலே சொன்ன முதல் செக்டர் வேலை எதுவும் செல்லாது. அங்கே பூட்லோடர், ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் சாதாரண ஃபைலாக இருக்கும். செட்டப்பில் நுழைந்து பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் வேலை அதோடு முடிந்துவிடும்.