பள்ளத்தில் நிற்கும் பரமன்: குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயில்

வெளி மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு முறையாவது திருப்பதிக்கு வராதவர்களைக் காண்பது அரிது. ரேணிகுண்டாவிலோ திருப்பதியிலோ ரயிலை விட்டு இறங்குகிறோம். மலையேறி வேங்கடவனைச் சேவிக்கிறோம். நேரம் இருந்தால் திருச்சானூர், இன்னும் நேரம் இருந்தால் காளத்தி. பிறகு லட்டுப் பொட்டலத்துடன் மறுபடியும் ரயில். அந்த ரேணிகுண்டாவிலிருந்து சிறிது தொலைவில், வயல்கள் சூழ்ந்த ஒரு கிராமத்தில், இந்திய நாட்டின் மிகப் பழமையான சிவலிங்கங்களுள் ஒன்று இன்றும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஊரின் பெயர் குடிமல்லம். கோயில் பரசுராமேசுவரர் கோயில்.

நான் ரயில்வேயில் பாதை, பாலம் என்று காலம் கழித்து ஓய்வு பெற்றவன். பொறியியலில் டிப்ளமா படித்தவன். வரலாற்றுப் பேராசிரியனும் அல்லன், ஆகம பண்டிதனும் அல்லன். இப்போது வசிப்பது சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவே உள்ள குடிபாலாவில். இங்கே வீட்டுக்குள் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி. தெலுங்கில் 'குடி' என்றால் கோயில். முதல் எழுத்தைச் சற்று அழுத்தி ஒலிப்பார்கள். நமக்கோ குடி என்றால் குடும்பம், குடியிருப்பு, ஊர். தமிழில் எழுதிவிட்டால் எந்தக் குடி என்று கண்டுபிடிப்பது கஷ்டம்! குடிமல்லத்தைப் பொறுத்தவரை, 'குடிபள்ளம்', அதாவது பள்ளத்தில் உள்ள கோயில் என்பதே மருவி இப்பெயர் ஆயிற்று என்று ஊரார் சொல்கிறார்கள். இந்தப் 'பள்ளம்' என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

பள்ளத்துக்குத் தல புராணம் ஒரு காரணம் சொல்கிறது. தாயைக் கொன்ற பாவம் தீர இங்கே வந்த பரசுராமர், ஒரு குளத்தில் நாள்தோறும் பூக்கும் ஒரே ஒரு மலரைக் கொண்டு சிவனைப் பூசித்து வந்தார். மலருக்குக் காவலாகச் சித்திரசேனன் என்னும் யட்சனை அமர்த்தினார். அவனுக்குக் கூலி வேட்டை இறைச்சியும் கள்ளும். ஒரு நாள் பரசுராமர் இல்லாத சமயத்தில் யட்சனுக்கே பூசை செய்யும் ஆசை வந்து, மலரைப் பறித்துச் சாத்திவிட்டான். திரும்பி வந்த பரசுராமருக்குக் கோபம். இருவரும் பதினான்கு ஆண்டுகள் சண்டையிட்டார்கள். மிதிபட்டு மிதிபட்டு அந்த இடமே பள்ளமாகிவிட்டது. கடைசியில் சிவபெருமான் தோன்றி இருவரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார். காவற்காரன் பூசை செய்தான் என்பதற்காக அவனைத் தள்ளிவைக்கவில்லை என்பதை இங்கே கவனிக்கலாம். பக்கத்துக் காளத்தியில் கண்ணப்பர் கதையும் இறைச்சி படைத்த வேடனைப் பற்றியதுதான். இரண்டு ஊர்களும் ஒரே ஆற்றங்கரைப் பகுதியைச் சேர்ந்தவை. அந்த ஆறு சுவர்ணமுகி. நம் பழந்தமிழ் நூல்கள் சொல்லும் பொன்முகலி.

இனி லிங்கத்தைப் பார்ப்போம். கருமை கலந்த பழுப்பு நிறக் கடினக் கல். உயரம் ஏறத்தாழ ஐந்து அடி, குறுக்களவு ஓர் அடிக்குச் சற்று மேல். நன்றாக மெருகேற்றப்பட்டது. பிற்காலத்தில் நாம் காணும் வழுவழுப்பான உருளை வடிவம் அன்று இது. ஆண்குறியின் இயற்கை வடிவை மறைக்காமல், மேற்பகுதியை ஒரு பள்ளத்தால் பிரித்துக் காட்டியிருக்கிறார் சிற்பி. பழங்காலத்தவருக்கு இதில் கூச்சம் இருந்ததில்லை. பிள்ளைகள் கேட்டால் படைப்பின் அடையாளம் என்று நேராகவே சொல்லிவிடலாம். லிங்கத்தின் முன்புறத்தில், கல்லோடு கல்லாக, சிவனின் முழு உருவம் நிற்கிறது. இரண்டே கைகள். வலக்கையில் ஓர் ஆட்டைப் பின்னங்கால்களைப் பற்றித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார். இடக்கையில் சிறு கலசம். இடத்தோளில் பரசு, அதாவது கோடரி. காதில் கனமான குழைகள், கழுத்தில் அணி, இடையில் மெல்லிய ஆடை. மார்பில் பூணூல் கிடையாது. காலடியில் குந்தியிருக்கும் குள்ளனின் தோள்கள்மீது நிற்கிறார். அந்தக் குள்ளனுக்கு முகத்தில் வருத்தமே இல்லை. தூக்கி நிற்பதில் ஓர் ஆனந்தம்! அவனைத்தான் ஊரார் சித்திரசேனன் என்கிறார்கள்.

இந்தச் சிற்பத்தை 1911-ஐ ஒட்டி அறிஞர் உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் நம்மவரான து. அ. கோபிநாத ராவ். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தொல்பொருள் துறைத் தலைவராக இருந்தவர். சாஞ்சி, பார்ஹுத் முதலிய இடங்களின் யட்ச உருவங்களோடு ஒப்பிட்டு, இது கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றார். அதற்குப் பின் வந்தவர்களில் சிலர் முன்னே தள்ளுவார்கள், சிலர் கி.பி.க்குக் கொண்டுவருவார்கள். கி.மு. 2 அல்லது 1 என்பதே பலர் ஏற்கும் கணக்கு. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தது 1010-ல். அவன் காலத்திலேயே இந்த லிங்கத்துக்கு ஆயிரம் வயது என்று கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பழமை நமக்கு உறைக்கும்.

கோயில் 1954 முதல் மத்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1973-74-ல் அத்துறையின் ஐ. கார்த்திகேய சர்மா கருவறையிலேயே அகழாய்வு செய்தார். அப்போதுதான் ரகசியம் வெளிப்பட்டது. முதன்முதலில் இங்கே கட்டிடமே இல்லை. திறந்த வெளியில் லிங்கம். அதைச் சுற்றிச் சதுரமாக ஒரு கல் வேலி. பௌத்த ஸ்தூபங்களைச் சுற்றி இருக்குமே, கம்பமும் குறுக்குச் சட்டமுமாக, அந்த மாதிரி வேலி. பிற்பாடு பெரிய செங்கற்களால், பின்புறம் அரைவட்டமாக வளைந்த ஒரு கோயில் எழுந்தது. பல்லவர், வாணர் காலங்களில் திருப்பணிகள் தொடர்ந்தன. இறுதியாகச் சோழர் காலத்தில், விக்கிரம சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது 1126-ஐ ஒட்டி, முழுவதும் கல்லால் புதுப்பிக்கப்பட்டதாகக் கல்வெட்டுச் சான்று உள்ளது.

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்கிறது. இன்றும் கருவறைத் தரை, முன்னுள்ள மண்டபத் தரையைவிடத் தாழ்வாக இருக்கிறது. உள்ளே போவதென்றால் இறங்க வேண்டும். யாரும் பள்ளம் தோண்டவில்லை, பரசுராமரும் யட்சனும் மிதிக்கவும் இல்லை என்பது என் துணிபு. (புராணத்தைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். பள்ளம் இருப்பதை அது சரியாகவே பார்த்திருக்கிறது.) ஆறு ஓடும் சமவெளியில் ஒவ்வொரு வெள்ளமும் வண்டலை விட்டுப் போகும். இடிந்த சுவர் மண்ணாகும். புதுச் சுவர் அதன் மேல் எழும். ஊர் மட்டம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உயரும். மாறாமல் நின்றது லிங்கம் ஒன்றுதான். ரயில்வேயில் சர்வே செய்யும்போது அசையாத ஒரு கல்லில் மட்டக் குறி இட்டு, மற்ற உயரங்களை எல்லாம் அதிலிருந்து அளப்போம். பெஞ்ச் மார்க் என்போம். குடிமல்லத்தில் அந்தப் பெஞ்ச் மார்க் சுவாமியே.

"தூக்க முடியாத கல், அதனால் விட்டுவிட்டார்கள்" என்று யாராவது சொல்லலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன அளவுகளின்படி வெளியே தெரியும் கல்லின் எடை ஏறக்குறைய நானூறு கிலோ. அடியில் புதைந்த பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள 13 மீட்டர் தண்டவாளம் ஒன்று 676 கிலோ. அதை எங்கள் கேங்மேன்கள் இடுக்கி போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே தூக்கி நகர்த்துவார்கள். ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகளில் எந்தத் தலைமுறை நினைத்திருந்தாலும் ஒரு காலை வேளையில் இந்த லிங்கத்தை மேலே தூக்கிப் புதுத் தரையில் நட்டிருக்கலாம். செங்கல் கோயில் கட்டியவர்களும் செய்யவில்லை; வாணரும் செய்யவில்லை; பெரிய பெரிய பாறைகளைக் கையாண்ட சோழக் கல்தச்சர்களும் செய்யவில்லை. சுவாமி நின்ற மட்டத்தில் நிற்கட்டும், நாம் சுற்றிக் கட்டிக்கொள்வோம் என்றே எல்லாரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

தாழ்வான இடம் என்றால் தண்ணீர்த் தொல்லை உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை கங்கை வந்து சுவாமியை நீராட்டுவாள் என்பது ஊர் நம்பிக்கை. 2005 டிசம்பரில் கருவறையில் நீர் பெருகியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவ மழை தமிழ்நாட்டையும் தென் ஆந்திரத்தையும் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். ஆற்றுக்கு அருகில் நிலத்தடி நீர்மட்டம் ஏறினால் எங்கே தாழ்ந்த தரையோ அங்கே முதலில் ஊறும். கிணறு வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

கட்டிடக் கலையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோயிலின் பின்புறம் வளைந்திருக்கிறது என்றேன். யானை படுத்திருக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் தெரியும் முதுகைப் போன்ற தோற்றம். வடமொழியில் கஜபிருஷ்டம். தமிழில் இன்னும் அழகாகத் தூங்கானை மாடம். மாமல்லபுரத்துச் சகாதேவ ரதம் இந்த வகை. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலும் இந்த வகையே. பௌத்த சைத்தியங்களும் இதே வடிவம். முன்பக்கம் நேர்ச்சுவர், பின்பக்கம் வளைவு. மூலைகள் இல்லாததால் சுற்றி வருவதற்கு இசைவானது. வளைவுச் சுவருக்குக் கல் வெட்டும் தச்சன், ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வளைவுக்கு ஏற்பத் தனித்தனியே செதுக்க வேண்டும். சதுரக் கட்டிடத்தில் அந்த வேலை இல்லை. பழைய செங்கல் கோயிலின் வடிவத்தைக் கல்லிலும் விடாமல் காப்பாற்றவே இந்தச் சிரமத்தை ஏற்றார்கள் என்று தோன்றுகிறது.

இப்போது நம் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்ட வேண்டிய பகுதிக்கு வருவோம். இக்கோயில் கல்வெட்டுகள் தமிழில் உள்ளவை. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகளைச் சொல்லி, அவர்களுக்குக் கீழிருந்து இப்பகுதியை ஆண்ட மாவலி வாணராயர்கள் காலத்தில் கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடைகளைப் பதிவு செய்கின்றன. இவற்றுள் வாணர் கல்வெட்டுகள் ஐந்தை வெங்கையா பதிப்பித்தார். அவற்றில் ஊரின் பெயர் திருவிப்பிரம்பேடு. குடிமல்லம் என்ற பெயரெல்லாம் பின்னால் வந்தது. சுவாமி பெயர் மட்டும் அன்றும் பரசுராமேசுவரர்தான். இன்று அந்த ஊரில் பேச்சு தெலுங்கு. எழுத்து ஒரு மொழி, சுற்றிக் காத்து வருபவர்கள் இன்னொரு மொழி. எல்லைச் சண்டைகளை நேரில் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. கல்வெட்டுகளோ யாரையும் கேட்காமல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை வாசிக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் எந்த நகரத்தில் வளர்ந்தாலும், எந்த நாட்டில் வளர்ந்தாலும், நம் பேரப்பிள்ளைகளுக்கு இன்றைய தமிழ் எழுத்து தெரிந்தால் போதும். கல்வெட்டு எழுத்தைப் பக்கத்தில் ஓர் அட்டவணையாக வைத்துக்கொண்டு க, த, ப, ம என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப் பழகிவிடலாம். குறுக்கெழுத்துப் போட்டியைவிடச் சுவையான விளையாட்டு.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் சங்கத்தார் பலர் சொந்த ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தாராளமாக நன்கொடை அனுப்புகிறோம். நல்ல காரியம். ஆனால் அழைப்பிதழில் என்ன அச்சாகிறது? பழைய மண்டபத்தை அகற்றி, தரையை உயர்த்தி, பளபளக்கும் கிரானைட் பதித்து, சுவர்களைச் 'சுத்தம்' செய்து என்று பெருமையாகப் போடுகிறார்கள். மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்துகளும் சிற்பங்களின் மூக்கும் முழியும் தேய்ந்துபோன கோயில்கள் தமிழகத்தில் உண்டு. தரையை உயர்த்தியதால் அதிட்டானம், அதாவது கோயிலின் அடிப்பீடம், அதிலுள்ள எழுத்துகளோடு மண்ணுக்குள் போன இடங்களும் உண்டு. செக்கில் கையெழுத்துப் போடுமுன் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்: கல்வெட்டு இருக்கிறதா, படி எடுத்தாயிற்றா, தரை மட்டம் எவ்வளவு உயரப் போகிறது? பணம் கொடுப்பவர் கேட்டால் பதில் வரும். நாற்பது ஆண்டு ஒப்பந்ததாரர்களோடு பழகியவன் சொல்கிறேன்.

குடிமல்லம் போக விரும்புவோர் திருப்பதியிலிருந்து காரிலோ ஆட்டோவிலோ ரேணிகுண்டா வழியாகப் பாப்பநாயுடுபேட்டைக்கு வந்து, அங்கிருந்து உள்ளே திரும்ப வேண்டும். காளத்திக்குப் போகும் நாளிலேயே இதையும் பார்த்துவிடலாம். கருவறைக்குள் வெளிச்சம் குறைவு. கண் பழகும் வரை நிதானமாக நின்றால்தான் கோடரியும் ஆட்டின் தலையும் பிடிபடும். காலடியில் குள்ளனைப் பார்க்கக் குனிய வேண்டும். திரும்பும் வழியில் பாப்பநாயுடுபேட்டையில் கண்ணாடி மணி செய்பவர்களைப் பற்றி விசாரியுங்கள். உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து நறுக்கி மணியாக்கும் முறைக்குப் பெயர் பெற்றது அந்த ஊர். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த பழங்கால மணிகளும் இப்படி இழுத்துச் செய்தவையே. லிங்கத்தைச் செதுக்கிய காலத்துக் கைவேலை ஒன்று, இரண்டு மைல் தள்ளி உலையில் பிழைத்திருந்தது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.