காட்டுப்பன்றிக்கு எந்த வெடி?

தாத்தாவிடம் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. பன்றிக்கு எல்.ஜி. தோட்டா, பறவைக்குப் பொடிக் குண்டு என்று கணக்கு வைத்திருந்தார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கி வருவதற்குத்தான் அந்தத் துப்பாக்கி பயன்பட்டது. அப்பா காலத்தில் அதுவும் போயிற்று. தாத்தா என்ன தோட்டா என்று யோசித்தார். நான் என்ன வெடி என்று யோசிக்கிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் கரிசலில் மானாவாரி மக்காச்சோளம் போடுகிறேன். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். புரட்டாசியில் விதைப்பு, மார்கழியில் கதிர் பால் பிடிக்கும், அதே வாரம் பன்றி வந்துவிடும். மலையிலிருந்து வருவதில்லை. கண்மாய்க்குள் மண்டிக்கிடக்கிற வேலிக்கருவைதான் அதற்கு வீடு. உழவு, உரம், களையெடுப்பெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

2023 மார்கழியில் நான் செய்த தப்பு ஒன்றுதான். அது என் ஒரு ஏக்கர் சோளத்தைத் தின்றது.

சிவகாசியில் ஒரு கடையில் கேட்டேன். "அண்ணாச்சி, பன்னி விரட்டணும், எதைக் குடுக்கலாம்?" என்றதும் அணுகுண்டுப் பெட்டியை எடுத்து வைத்தார். "சத்தம் பெருசா இருந்தாத்தான் ஓடும் தம்பி." நம்பி இருபது பெட்டி வாங்கினேன். நிலா வெளிச்சத்தில் காடு முழுக்கத் தெரியும் என்று கண்மாய்க் கரையில் போய் நின்றேன். பத்துப் பன்னிரண்டு உருப்படி சோளத்துக்குள் இறங்கி, தட்டை மடமடவென்று ஒடிகிற சத்தம் கேட்டதும் பற்றவைத்தேன்.

அவை வந்த வழியில் நான் நிற்கிறேன். முன்னால் வெடிக்கிறது. பின்னால் பழக்கமில்லாத வெட்டவெளி. எங்கே போகும்? காட்டுக்குள்ளேயே மேற்கும் கிழக்குமாக ஓடின. நான் பயந்துபோய் இன்னொன்று, இன்னொன்று என்று கொளுத்தக் கொளுத்த அவை இன்னும் வெறிகொண்டு ஓடின. நான்கு ராத்திரி தின்றதைவிட அந்தப் பத்து நிமிஷத்தில் மிதித்தது அதிகம். விடிந்ததும் உள்ளே நடந்தேன். தட்டையெல்லாம் பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடந்தது. ஒரு கதிரை உரித்து நகத்தால் கிள்ளினேன். பால் பீய்ச்சியது. இன்னும் கொஞ்ச நாள் நின்றிருந்தால் காசு.

அந்தக் கடைக்காரரைக் கேட்கிறேன், பன்றி எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? சத்தத்தின் கணக்கும் நீங்கள் சொன்ன மாதிரி இல்லை. சட்டப்படி வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது. தூரம் இரட்டிப்பாக இரட்டிப்பாக 6 டெசிபெல் குறையும். 250 மீட்டருக்கு அப்பால் சட்டத்துக்கு உட்பட்ட எந்தப் பெரிய வெடியும் 90-க்குக் கீழேதான். காட்டின் மறுமுனையில் மேய்கிற பன்றிக்கு அது எங்கோ தூரத்துக் கல்யாண வேட்டு.

இப்போது வெட்டவெளிப் பக்கம், கண்மாய்க்கு நேரெதிரே நிற்கிறேன். லட்சுமி வெடி போதும். ஒன்று போட்டுவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா இருப்பேன். பன்றி மோப்பம் பிடித்து, தலை தூக்கி, வந்த வழியே தானாக நகரும். அப்புறம்தான் அடுத்தது. ஒரே நேரத்தில், ஒரே மூலையில் நின்று போட்டால் நான்காம் நாள் காதைக்கூட ஆட்டாது. நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். பனியில் வெடி நமத்துவிடும், மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ராக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள், காய்ந்த தட்டையில் விழுந்தால் பக்கத்துக் காடும் சேர்ந்து எரியும். சரவெடிதான் விரட்டுவதற்குத் தோது என்பார்கள் பெரியவர்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. திருட்டுத்தனமாகச் செய்து லூஸாக விற்கிற வெடியையும் வாங்காதீர்கள். அந்த மருந்துக்கு யார் பொறுப்பு?

அந்த மார்கழியில் என் பங்காளி ஒருவர் சொன்னார். "நீ வெடியக் கொளுத்திக்கிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சிரு. நான் அவுட்டுக்காய் வச்சிட்டு நிம்மதியாத் தூங்குறேன்." தீனிக்குள் மருந்தைப் பொதிந்து வைப்பது, கடித்தால் வெடிப்பது. அதைக் கடித்தது பன்றி இல்லை, எங்கள் வீட்டுக் கன்னி நாய். தாடை தொங்க, சத்தமே போடாமல் வாசல்படியில் வந்து படுத்தது. மூன்றாம் நாள் செத்தது. அவரோடு எனக்கு இன்றுவரை பேச்சில்லை. சோளம் போனது போகட்டும் என்று அவுட்டுக்காய் வைக்க மறுத்த என்னை ஊரில் கோழை என்றார்கள். இன்றைக்கும் மறுப்பேன்.

நஷ்டத்துக்கு மனு கொடுத்தேன். பார்வையிட ஆள் வந்தபோது அறுவடையே முடிந்திருந்தது. 2025 ஜனவரியில் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை ஆட்களே சுடலாம். விவசாயி சுட அனுமதி இல்லை. எங்கள் பக்கம் காப்புக்காடு வெகு தூரம். அதனால் மனு எழுதும்போது அந்தத் தூரத்தை மறக்காமல் குறிப்பிடுங்கள், சேதத்தை அன்றைக்கே செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

வெடி வாங்க பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு பகல் உங்கள் காட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். வரப்பில் குளம்புத் தடம் எங்கே இறங்குகிறது, வேலிக்கருவையில் எந்தப் பொந்து வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். காட்டின் மறுபக்கத்தில், அந்தப் பொந்துக்கு நேரெதிரில் நில்லுங்கள். பொந்து இருக்கிற பக்கம் மட்டும் வெடி போடாதீர்கள்.