கடிகாரத்தை நம்பாத ஷெட்யூலர்

எப்போதோ ஒருமுறை தலைகாட்டி மறையும் த்ரெட் பக்கைப் பிடிக்க, நிரலின் ஓட்டத்தைப் பதிவு செய்து அச்சு அசலாக மறுபடி ஓட்டிக் காட்டும் கருவிகள் உண்டு. மொசில்லாவில் பிறந்த ‘ஆர்ஆர்’ அவற்றில் பேர் போனது. அதன் ஷெட்யூலர் நேரத்தைக் கணக்கிடும் விதம் பலருக்கும் தப்பாகவே பிடிபடுகிறது.

நம்பிக்கை: த்ரெட் மாறிய நேரத்தை நானோநொடி சுத்தமாகக் குறித்தால் போதும், மறு ஓட்டத்திலும் அதே இடத்தில் மாற்றிவிடலாம்.

உண்மை: போதாது. கேஷின் நிலை, செயலியின் வேக மாற்றம், பக்கத்து நிரல்களின் தொல்லை எல்லாம் சேர்ந்து, ஒரு மில்லிநொடியில் நடக்கும் வேலையை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றிவிடும். நாவலை மூடும்போது “நாலரை மணிக்கு நிறுத்தினேன்” என்று எழுதிவைத்தால் விட்ட பக்கம் தெரியுமா? ஷெட்யூலருக்கு வேண்டியது பக்க எண்.

நம்பிக்கை: அப்படியானால் செயலி முடித்த கட்டளைகளை எண்ணலாம்.

உண்மை: யோசனை நியாயமானதுதான், செயலியில் அதை எண்ணும் கவுன்டர்தான் ஒத்துழைக்காது. இன்டரப்ட்டும் பேஜ் ஃபால்ட்டும் அந்த எண்ணிக்கையைக் கலைக்கின்றன. அவை எப்போது வரும் என்பது நிரலின் கையில் இல்லை. இன்டெல் செயலிகளில் ஆர்ஆர் நம்பி எடுத்துக்கொண்டது, முடிந்த நிபந்தனைத் தாவல்களின் (கண்டிஷனல் பிராஞ்ச்) எண்ணிக்கையை. இரண்டு தாவல்களுக்கு நடுவே பல கட்டளைகள் இருக்கலாம் என்பதால், ரெஜிஸ்டர்களில் உள்ள மதிப்புகளையும் சேர்த்துத்தான் இடத்தை உறுதி செய்கிறது.

நம்பிக்கை: குறித்த எண் வந்ததும் செயலி நின்றுவிடும்.

உண்மை: நிற்காது. கவுன்டர் நிரம்பியதும் வரவேண்டிய இன்டரப்ட் தாமதமாக வரும். அதற்குள் பல கட்டளைகள் ஓடியிருக்கும். மறு ஓட்டத்தில் குறித்த இடத்தைத் தாண்டிப்போனால் அங்கிருந்து பின்வாங்க வழியில்லை. அதனால் இன்டரப்ட்டை வேண்டுமென்றே முன்னதாக வரவைத்து, மிச்சத் தூரத்தை பிரேக்பாயின்ட் வைத்தும் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தியும் கடக்கிறார்கள். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

நம்பிக்கை: பதிவான ஓட்டம் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்குமென்றால், பதிவும் ஒரே ஒழுங்கில்தான் நடக்கும், அரிய பக்குகள் சிக்காது.

உண்மை: பதிவின்போது எப்படி வேண்டுமானாலும் குலுக்கலாம். ஆர்ஆரின் ‘கேயாஸ்’ முறை, த்ரெட்களின் முன்னுரிமையை ரேண்டமாக மாற்றுவதற்கென்றே இருக்கிறது. உண்மையான குறை வேறு: ஆர்ஆர் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓடவிடும். பல கோர்கள் ஒரே சமயத்தில் நினைவகத்தைத் தொடும்போது மட்டும் எழும் வரிசைக் குழப்பங்கள் அதில் பதிவாகவே ஆகா. அவற்றுக்கு வேறு கருவிதான் தேட வேண்டும்.