ஆர்சி புக்கைப் பார்த்துப் பிஸ்டன் வாங்காதீர்கள்

“ஏனுங்ண்ணா, ஆர்சி புக்குல தொண்ணூத்து மூணுன்னு போட்டிருக்குதுங்க. தொண்ணூத்து மூணு மாடலுக்கு என்ன பார்ட்ஸோ அதைச் சொல்லுங்க, ஆர்டர் போட்டுடறேன்.”

திருப்பூர் பக்கம் மங்கலத்தில் என் பட்டறை வாசலில் மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படி வந்து நிற்கிறார்கள். தாத்தா ஓட்டிய புல்லட், சோமனூர்ப் பக்கம் தறிக்கொட்டாயில் துணி மூடிக் கிடந்த யெஸ்டி, யாரோ கைமாற்றிவிட்ட ஆர்எக்ஸ் 100 என்று வண்டிதான் மாறுகிறது. பேச்சு மாறுவதில்லை. “ஆர்சி புக்கில் உள்ள வருஷம்தான் வண்டியின் மாடல். அதைச் சொன்னால் சரியான ஸ்பேர்ஸ் வந்துவிடும்.” பல வருடமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் அந்தத் தொண்ணூற்று மூன்று வண்டியின் கதை. வந்த தம்பி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வண்டி மிலிட்டரி ஏலத்தில் வந்தது. ஏலம் எடுத்தவர் 1993-ல் சிவில் நம்பர் வாங்கினார். அந்தப் பதிவுத் தேதியையே மாடல் என்று நம்பி, தம்பி 12 வோல்ட் பல்ப், ஹார்ன், காயில் எல்லாம் வாங்கி மாட்டிவிட்டார். விளக்கு மின்மினி போல எரிந்தது, ஹார்ன் முனகியது. யாரோ ஒருவர் “டைனமோ போச்சு” என்றார். அதையும் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்தார். கடைசியில் என்னிடம் வந்தபோது பேட்டரிப் பெட்டியையும் வயரிங்கையும் பார்த்தேன். அது 6 வோல்ட் வண்டி. ராணுவத்தில் பல வருடம் உழைத்துவிட்டு வந்த மூத்த வண்டி அது. கெட்டுப்போகாத டைனமோவைக் கழற்ற வைத்தது ஆர்சி புக்கில் இருந்த ஒரு தேதி.

ஆர்சியில் இரண்டு தேதிகள் இருக்கின்றன என்பதையே பலர் கவனிப்பதில்லை. ஒன்று பதிவு செய்த தேதி. இன்னொன்று தயாரித்த மாதமும் வருடமும். ஏல வண்டியில் இந்த இரண்டுக்கும் இடையே பல வருடம் ஓடியிருக்கும். ஷோரூமில் தேங்கி நின்ற வண்டியில்கூட ஒரு வருடம் தள்ளிப்போகும். வெளிமாநிலத்திலிருந்து வந்த வண்டிக்கு இங்கே புது நம்பர் போடுவார்கள். TN-க்கு அடுத்து ஆர்டிஓ ஆபீஸ் எண் வரும் இன்றைய முறையே 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு வந்ததுதான். ஆகவே TN 39 என்று பலகை இருப்பதால் வண்டி தொண்ணூறுகளில் பிறந்தது என்று சொல்ல முடியாது. அறுபதுகளில் பிறந்த வண்டியும் அந்தப் பலகையைச் சுமக்கலாம். கையால் எழுதிய பழைய புத்தகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது 6 என்பது 8 ஆவதும் நடக்கத்தான் செய்கிறது.

சரி, தயாரித்த வருடம் தப்பில்லாமல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதை வைத்துப் பார்ட்ஸ் வாங்காதீர்கள். ஏனென்றால் தொழிற்சாலை காலண்டர் பார்த்து மாறுவதில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி பழைய பார்ட்ஸைக் குப்பையில் கொட்டிவிட்டுப் புதியதை மாட்ட எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். கையிருப்பு தீரும்வரை பழையது போகும். தீர்ந்த நாளில் புதியது ஏறும். அதனால்தான் கம்பெனியின் பார்ட்ஸ் லிஸ்ட் “இந்த இன்ஜின் நம்பரிலிருந்து இந்தப் பார்ட்” என்று பிரிக்கிறது. ஒரே வருடத்து இரண்டு வண்டிகளில் இரண்டு விதம் இருக்கும். பழையது எங்கே முடிந்து புதியது எங்கே தொடங்கியது என்பதை நம்பர் மட்டும்தான் காட்டும்.

நான் 22 வருடம் தறியிலும் நிட்டிங் மெஷினிலும் ஃபிட்டராக இருந்தவன். நம் ஊரில் யாராவது “எங்க கம்பெனி மெஷினை 2004-ல வாங்கினோம், அதுக்கு ஊசி குடுங்க” என்று கடையில் கேட்பார்களா? கேட்டால் கடைக்காரர் சிரித்துவிடுவார். டயா என்ன, கேஜ் என்ன, ஊசியில் என்ன நம்பர் அடித்திருக்கிறது என்றுதான் பேச்சு தொடங்கும். 24 அங்குல டயா, அங்குலத்துக்கு 24 ஊசி என்ற 24 கேஜ் என்றால் சுற்றளவு 75 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதை 24-ஆல் பெருக்கினால் சுமார் 1,800 ஊசி. அதில் ஒரு ஊசி வேறு நம்பராக இருந்தாலும் துணியில் கோடு விழும். வெளிநாட்டிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்த மெஷினுக்குத் திருப்பூர் வந்த வருடத்தை வைத்து ஊசி வாங்கும் ஆள் இந்தப் பகுதியில் ஒருவரும் இல்லை. அதே ஆள், மாலையில் வீட்டுக்குப் போய் புல்லட் முன்னால் உட்கார்ந்தவுடன் ஆர்சி புக்கை எடுக்கிறார்! தொழிலில் இருக்கும் புத்தி வண்டிக்கு ஏன் வருவதில்லை?

செய்ய வேண்டியது இதுதான். வண்டியில் இரண்டு நம்பர் உண்டு. ஒன்று சேசிஸில், பெரும்பாலும் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில். இன்னொன்று இன்ஜின் கிரேங்க்கேஸில். பெயிண்டும் எண்ணெய் அழுக்கும் மூடியிருந்தால் தின்னரில் நனைத்த பனியன் வேஸ்டால் துடையுங்கள். உலகத்துக்கே துடைக்கும் துணி அனுப்பும் ஊரில் இருக்கிறோம், இதற்கு மட்டும் எமரி பேப்பரும் கிரைண்டரும் எதற்கு? நம்பர் அழிந்தால் வண்டியின் அடையாளமே போகும். நாளைக்கு ஆய்வுக்குப் போனால் திருட்டு வண்டியோ என்று உங்களைத்தான் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். துடைத்த பிறகு மெல்லிய தாளை வைத்து மேலே பென்சிலால் தேயுங்கள். ஆர்டிஓ ஆபீஸ் பாரத்தில் சேசிஸ் பிரிண்ட் ஒட்டுகிறோமே, அதேதான். கண்ணால் படித்து எழுதும்போது 3 எட்டாகும். பென்சில் பிரிண்ட் பொய் சொல்லாது.

பிறகு இரண்டு நம்பரும் ஒரே காலத்தவையா என்று பாருங்கள். நாற்பது வருடம் ஓடிய வண்டியில் இன்ஜின் ஒரு வீட்டுப் பிள்ளை, சேசிஸ் இன்னொரு வீட்டுப் பிள்ளையாக இருப்பது சாதாரணம். அப்படியானால் இன்ஜின் பார்ட்ஸை இன்ஜின் நம்பரைச் சொல்லி வாங்க வேண்டும். ஃபோர்க், வீல், பிரேக் சாமான்களைச் சேசிஸ் பக்கத்திலிருந்து வாங்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு ‘ஒரே மாடல் வருஷம்’ என்ற ஒன்றே கிடையாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

அதற்கும் மேல், அளவு. பழைய 350 புல்லட்டின் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. ஆனால் ரீபோர் அடித்த சிலிண்டர் 70-ல் நிற்காது. ஏற்கனவே ஓவர்சைஸ் பிஸ்டன் உள்ளே இருக்கும். அதன் தலையிலேயே அளவு அடித்திருப்பார்கள். கரியைச் சுரண்டிப் படியுங்கள், லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்துப் பாருங்கள். ஸ்பிராக்கெட்டுக்குப் பல்லை எண்ணுங்கள். போல்ட்டுக்கு மரையைப் பாருங்கள். பழைய புல்லட்டில் அங்குல மரையும் பின்னால் வந்த மில்லிமீட்டர் மரையும் கலந்தே இருக்கும். 13-ம் நம்பர் ஸ்பேனரை விட்வொர்த் நட்டில் போட்டுத் திருகி முனை மழுங்கவைத்தவர்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

நம்பிக்கை: புல்லட் என்றால் எல்லாம் ஒன்றுதான், எந்தப் பார்ட்டும் சேரும்.
உண்மை: பெயர் ஒன்று, இன்ஜின் பல. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து வந்த இரும்பு சிலிண்டர் இன்ஜின் வேறு. 2000-ஐ ஒட்டி வந்த ஏவிஎல் வேறு. 2008-ல் தண்டர்பேர்டில் தொடங்கிய யுசிஇ வேறு. 2020-ல் மீட்டியோரில் வந்த ஜே சீரிஸ் வேறு. ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றுக்கு வாங்காதீர்கள்.

நம்பிக்கை: வலது காலில் கியர் இருந்தால் அறுபதுகளின் வண்டி.
உண்மை: வலது பக்க நான்கு கியர் புல்லட் 2000-க்குப் பிறகும் வந்தது. கியர் எந்தக் காலில் இருக்கிறது என்பது கியர் பாக்ஸைச் சொல்லும், பிறந்த வருடத்தைச் சொல்லாது.

நம்பிக்கை: டேங்கில் ஜாவா என்று இருந்தால் ஜாவா, யெஸ்டி என்று இருந்தால் யெஸ்டி.
உண்மை: இரண்டும் மைசூரில் 1961-ல் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்தவை. அது 1996-ல் மூடியது. அதன் பிறகு டேங்குகள் எத்தனை கை மாறியிருக்கும்? பெயர் பார்க்காதீர்கள், நம்பரைப் படியுங்கள்.

நம்பிக்கை: சேசிஸ் நம்பரில் பத்தாவது எழுத்து வருடம். எல்லா வண்டிக்கும் பொருந்தும்.
உண்மை: அது 17 எழுத்து முறைக்கு உரிய வழக்கம். அதிலும் முப்பது வருடத்துக்கு ஒருமுறை எழுத்துகள் திரும்ப வரும். A என்றால் 1980-ம் ஆகலாம், 2010-ம் ஆகலாம். ஆறேழு இலக்கம் மட்டும் உள்ள பழைய வண்டியில் பத்தாவது எழுத்தை எங்கே போய்த் தேடுவீர்கள்?

நம்பிக்கை: கார்புரேட்டரில் ‘ஜப்பான்’ என்று இருந்தால் அந்த ஆர்எக்ஸ் 100 முதல் லாட்டில் வந்த ஜப்பான் வண்டி.
உண்மை: ஒரு பார்ட்டில் எழுதியிருப்பது அந்தப் பார்ட்டின் ஊர். இந்த வண்டி இங்கே 1985-லிருந்து 1996 வரை வந்தது. அதற்குள் எத்தனை கார்புரேட்டர் மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நம்பிக்கை: வண்டிக்கு ஐம்பது வயதானால் VA என்ற விண்டேஜ் நம்பர் வாங்கி ஜாலியாக ஓட்டலாம், அதனால் மாடல் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது.
உண்மை: 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு பெற்ற வண்டி கண்காட்சிக்கும் ராலிக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்கும் பெட்ரோல், பராமரிப்புக்கும்தான் சாலையில் வரலாம். தினமும் கம்பெனிக்குப் போக அல்ல. இந்த VA மோகம் வந்த பிறகு விற்பவர்கள் வண்டியின் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். “அறுபத்தி ரெண்டு மாடலுங்க” என்று வாயால் சொல்வதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நம்பி வாங்குகிறவர்தான் அந்த வருடத்துக்குப் பார்ட்ஸ் தேடி அலைகிறார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் மனதில் உறுத்துவது வேறு. இந்தத் தவறான நம்பிக்கைகள் ஏன் வளர்கின்றன? சரியான பார்ட்ஸ் லிஸ்ட் நம் கையில் இல்லை, அதனால்தான். பழைய மெக்கானிக் இறந்துவிட்டால் எண்ணெய்க் கறை படிந்த அந்தப் புத்தகங்களை வீட்டார் பழைய பேப்பருக்குப் போடுகிறார்கள். இங்கே தறிகளும் அப்படித்தான் எடைக்குப் போகின்றன. தறி போகும்போது அதில் இருந்த பெயர்ப் பலகையும் போகிறது, எந்தச் சாமான் எதற்குச் சேரும் என்று தெரிந்தவரின் நோட்டும் போகிறது. நூலகத்தில் நாவலுக்கு அலமாரி இருக்கிறது, போட்டித் தேர்வுக்கு அலமாரி இருக்கிறது. பார்ட்ஸ் லிஸ்டுக்கும் சர்வீஸ் புத்தகத்துக்கும் தறி கேட்டலாக்குக்கும் ஓர் அலமாரி ஏன் கூடாது? மங்கலம், பல்லடம், சோமனூர், அவிநாசி என்று ஊருக்கு ஒன்று வைத்தால் போதும். இந்தப் பகுதியின் பாதி வீண் செலவு மிச்சமாகும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு புத்தகம் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். உங்கள் ஊர் நூலகரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், வாங்க மாட்டேன் என்றால் சண்டை போட்டாவது கொடுங்கள்.

அந்தக் கட்டிங் மாஸ்டர் தம்பி போன வாரம் திரும்ப வந்தார். ஆர்சி புக்கை எடுத்து வரவில்லை. நோட்டுத் தாளில் இரண்டு பென்சில் பிரிண்ட், பனியன் துணியில் சுற்றிய பழைய பிஸ்டன். பிஸ்டன் தலையில் இருந்த அளவைத் துடைத்துப் படித்து, தானே கடைக்கு போன் செய்து சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் “எந்த வருஷ மாடல்?” என்று கேட்டார். தம்பி நிதானமாக, “வருஷம் வேண்டாங்க, இன்ஜின் நம்பரை எழுதிக்குங்க” என்றார்.