அணை எங்கே கட்டுவது? பூண்டி சொல்லும் பாடம்



2019 ஜூலை 12-ம் தேதி நம் ஆவடி, அம்பத்தூர் தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது. அதில் ஆட்கள் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நிரப்பி வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்குமே வறண்டு கிடந்தன. நாமும் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம்.

அப்போது குழுக் கூட்டங்களில் எல்லாரும் கேட்ட கேள்வி: "இன்னும் ரெண்டு அணை கட்டினா என்னவாம்?" கட்டலாம்தான். ஆனால் நினைத்த இடத்தில் கட்ட முடியாது. இடம் பார்ப்பது எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

பூண்டி வந்த கதை

1939-ல் சென்னை மேயராக இருந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் வீணாகக் கடலுக்குப் போனது, கோடையிலோ நகரம் தவித்தது. ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்ட அவர் பாடுபட்டார். 1940-ல் அடிக்கல் நாட்டி 1944-ல் வேலை முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1943-லேயே காலமாகிவிட்டார். அதனால்தான் அதற்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.

இடம் பார்க்க ஐந்து கேள்விகள்

1. தண்ணீர் வருமா? மேலே எவ்வளவு பரப்பில் பெய்யும் மழை அங்கே வந்து சேரும் என்று பார்க்க வேண்டும். வரத்து இல்லாத ஏரி வெறும் பள்ளம்தான். பூண்டிக்கும் ஆற்று நீர் மட்டும் போதவில்லை. 1983-ல் ஆந்திராவோடு ஒப்பந்தம் போட்டு, 1996-ல்தான் கண்டலேறு கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது.

2. தண்ணீர் தானாக ஓடுமா? கடல் மட்டத்தில் இருந்து கணக்குப் பார்த்தால், நிரம்பிய பூண்டி 140 அடி உயரம், செம்பரம்பாக்கம் சுமார் 85 அடி, சோழவரம் 65 அடி, புழல் 50 அடி. படிக்கட்டு போல இறங்குகிறது பாருங்கள்! பூண்டித் தண்ணீர் மோட்டார் இல்லாமலே கால்வாயில் ஓடி வரும்.

3. ஆழம் கிடைக்குமா? ஒரு குடம் தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி வெயிலில் வையுங்கள். குடத்தில் இருப்பதைவிட வேகமாக வற்றிவிடும். மலை இடுக்கில் சின்ன அணையிலேயே ஆழம் கிடைக்கும். நம் மாவட்டமோ சமவெளி. கரை நீளமாகப் போட வேண்டும், தண்ணீர் பரந்து நிற்கும். பூண்டியின் ஆழம் 35 அடி, செம்பரம்பாக்கம் 24 அடிதான். அடியில் மணல் இருந்தால் ஊறியும் போய்விடும். அதனால் மண்ணைத் துளையிட்டுச் சோதிப்பார்கள்.

4. மிச்ச நீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் இருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றுக் கரையில் நடந்ததை மறக்க முடியுமா? போகும் பாதையில் வீடுகள் இருந்தால் நிரம்பிய ஏரி பயத்தைத்தான் கொடுக்கும்.

5. எது மூழ்கும்? இதுதான் நமக்கு முக்கியமான கேள்வி. பூண்டி அணைக்காகத் திருவெண்பாக்கம் சிவன் கோயிலே இடம் மாற வேண்டி வந்தது. சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்ததாகச் சொல்லும் அந்த ஊன்றீஸ்வரர் கோயில் இப்போது பூண்டியில் இருக்கிறது. சாமியை எடுத்து வைத்துவிடலாம். வயலை எடுத்து வைக்க முடியுமா?

76 வருடம் கழித்து

பூண்டிக்குப் பிறகு சென்னைக் குடிநீருக்கென்று கட்டிய புது நீர்த்தேக்கம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை. சுமார் 380 கோடி ரூபாய் செலவில் இரண்டு ஏரிகளை இணைத்து, விவசாயிகளின் பட்டா நிலத்தையும் எடுத்து, 2020 நவம்பரில் திறந்தார்கள். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. பூண்டியோ 3,231. ஆறில் ஒரு பங்குக்கே இவ்வளவு காலமும் பணமும் நிலமும் ஆனது!

நாம் என்ன செய்யலாம்?

புது அணைக்கு இடம் அரிது. ஆனால் நம் ஊர் ஏரிகள் இருக்கின்றனவே! முன்னோர் இதே ஐந்து கேள்விகளையும் யோசித்துத்தான் அவற்றை வெட்டினார்கள். வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டாமல் காப்பதும், ஆக்கிரமிப்பு இருந்தால் மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் எழுந்து பேசுவதும் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்று. எந்தத் திட்டத்துக்காவது நிலம் எடுக்க வந்தால், "பட்டா ஆம்பளை பேர்ல இருக்கு, நமக்கென்ன" என்று இருந்துவிடாதீர்கள். 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி, அந்த நிலத்தில் மூன்று வருடமாகக் கூலி வேலை செய்து பிழைத்தவர்களும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். கணக்கெடுக்க வரும்போது உங்கள் பெயரையும் சொல்லுங்கள்.

குழுவில் பேச:

* நம் ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது? யாராவது நடந்து போய்ப் பார்த்தோமா?
* நிரம்பினால் மிச்ச நீர் எங்கே போகும்? அந்த வழியில் இப்போது என்ன இருக்கிறது?
* கிராம சபையில் இதை யார் பேசுவது? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.