கால் எடுக்குமுன் மனம் நடக்கட்டும்

வவுனியா

அன்புள்ள மருமகன்,

அறை வாசலுக்கு வந்ததும் என் அண்ணாவுக்குக் கால் எழும்புவதில்லை, கையைப் பிடித்து இழுத்தால் விழப்பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். முதலில் அந்த இழுவையை நிற்பாட்டு. அது பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை. பார்க்கின்சன் வந்தவர்களுக்கு வாசலிலும் திரும்பும் இடத்திலும் கால் இப்படி இறுகி நிற்பது வழக்கம். நீ பேசாமல் பக்கத்தில் நில். அவர் நின்று மூச்செடுத்து, பாரத்தை ஒரு காலுக்கு மாற்றி, அடுத்த அடியை மனதில் வைத்து, பிறகு தூக்கட்டும்.

நடுமூளையில் டோபமின் சுரக்கும் கலங்கள் அழிய அழிய, யோசிக்காமல் நடந்துவந்த நடை பழுதாகிறது. யோசித்து வைக்கும் அடிக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது. ஒரு வாய்க்கால் தூர்ந்தால் பக்கத்து வாய்க்காலால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோவதில்லையா, அதுபோல. நிலத்தில் குறுக்கே கோடு போட்டால் இந்த நோயாளர் அதைத் தாண்டி நடப்பதை 1967இலேயே பேர்டன் மார்ட்டின் என்ற லண்டன் நரம்பியல் மருத்துவர் எழுதிவைத்தார். வாசலில் அடிக்கு ஒரு கோடாக வெள்ளை டேப் ஒட்டிவிடு.

அடுத்தது மனப்பயிற்சி. காலைக் குளிசை வேலை செய்யத் தொடங்கி, உடம்பு இளகியிருக்கும் நேரம் அவரைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லு. தான் நடப்பதைத் தூரத்தில் நின்று பார்க்கக்கூடாது, உள்ளேயிருந்து உணரவேண்டும். அண்ணாவுக்கு அதற்கு வயல் வரம்பைவிட நல்ல இடம் இல்லை. வெறுங்காலில் ஈரமண், குதி முதலில் பதிவது, பாரம் இடது காலுக்கு மாறுவது, வலது முழங்கால் உயர்வது; ஒவ்வொன்றாகக் கேள். அவசரப்படுத்தாதே, இந்த நோயில் மனதில் நடக்கும் நடையும் மெதுவாகத்தான் போகும். முடிந்த கையோடு எழுப்பி, அதே நடையை முற்றத்தில் நடக்கவிடு. மனதில் மட்டும் நடந்துவிட்டுக் கதிரையிலேயே இருந்தால் பிரயோசனம் இல்லை.

2007இல் வெளிவந்த ஓர் இஸ்ரேல் ஆய்வில் உடற்பயிற்சியோடு மனப்பயிற்சியும் செய்த நோயாளர்கள், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடச் சில அசைவுகளை விரைவாகச் செய்தார்கள். 2011இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் மனப்பயிற்சிக்கும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இதை நம்பிக் குளிசையைக் குறைக்காதே, ஒருநாளும் திடீரென்று நிறுத்தாதே. மீன், பருப்பு, பால் எல்லாம் குளிசையிலுள்ள லெவோடோபா உடம்பில் சேர்வதைக் குறைக்கும். குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திக் கொடுக்கலாமா என்று கிளினிக்கில் கேள்.

போனில் வரும் மூளை விளையாட்டுகளுக்குக் காசு கட்டாதே. அந்த விளையாட்டில் கெட்டிக்காரராவார், நடை திருந்தும் என்று நம்பமுடியாது. வேண்டுமென்றால் போன காலபோகத்துக் கணக்கைக் கேள், உற்சாகமாகச் சொல்லுவார். ஆனால் நடக்கும்போது கேட்காதே, கதையும் நடையும் சேர்ந்தால் கால் நின்றுவிடும்.

நீ வேலைக்கு வெளிக்கிடும் அவசரம் எனக்குத் தெரியும். முடியாத நாளில் தங்கச்சியை விடு, அவளுக்கும் பழக்கு. பங்குனியில் வருகிறேன். அதற்குள் அவர் விழுந்தால் ஒளிக்காமல் போன் எடு.

அன்புடன்,
மாமி